பெரட்டு நாயின் பத்தியம்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு நாய். அதன் பெயர் பெரட்டு. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு, மழையென்றாலும் பனியென்றாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால் வந்த பெயர். “தோட்டத்துல நேரத்துக்கு வர்றது இது ஒண்ணுதான்” என்று கணக்கப்பிள்ளை அடிக்கடி சொல்லுவார். அந்தக் குத்தல் யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாயின்மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

எப்படி வரும்? தொண்ணூற்றாறாம் வருஷம் கார்த்திகையில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போன நேரம், பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவின் முற்றத்துக்குக் காட்டுப்பன்றி ஒன்று இறங்கிவிட்டது. முற்றத்தில் ஏழு குழந்தைகள். பன்றிக்கு ஆகக் கிட்ட நின்றது இராக்கம்மாவின் மூன்று வயதுக் கடைசிப் பெண். பெரட்டு குறுக்கே போய் நின்றது. பன்றி அதன் விலாவைக் கிழித்தும் அது நகரவில்லை. பிள்ளைகளைப் பார்க்கிற ஜீவராணி அத்தனை பேரையும் அள்ளி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தும்வரை நின்று குரைத்தது.

அன்றிலிருந்து மேல் லயத்தில் நாய்க்கு ராஜ உபசாரம். காலையில் கோதுமை ரொட்டி சுட்டால் ஒரு துண்டு பெரட்டுக்கு. தேத்தண்ணி ஊற்றினால் அடியில் தங்கிய சீனியோடு ஒரு வாய் பெரட்டுக்கு. பிள்ளை கடித்து வைத்த பிஸ்கட், பெருநாளுக்குச் சுட்ட பணியாரம், டின்பால் வழித்த கரண்டி, எல்லாம் பெரட்டுக்கு. பன்னிரண்டு வாசலிலும் ஏறி இறங்கி வருவதற்குள் அதன் வயிறு தம்பட்டம்போல் ஆகிவிடும். நன்றியை இப்படி ஊட்டி ஊட்டியே அந்த நாயின் தோலை உரித்தார்கள் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வருஷத்தில் பெரட்டு சொறிய ஆரம்பித்தது. முதலில் காது. தலையை உதறும், சுவரில் தேய்க்கும், உள்ளே கறுப்பாக அழுக்கு வழியும். பிறகு பாதங்களை நக்கி நக்கி ரோமம் செம்பட்டையானது. வயிற்றுத் தோல் கறுத்துத் தடித்து மயிர் கொட்டியது. நாற்றமோ சொல்லி முடியாது. பிசைந்த மாவை மூன்று நாள் மறந்துவிட்டால் வருமே ஒரு புளித்த வாடை, அது. வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். மஞ்சள் பூசினார்கள். லொறிக்கு ஊற்றிய பழைய எண்ணெயைப் பூசலாம் என்று ஒருத்தன் போத்தலோடு வந்தான். இராக்கம்மா அதைப் பிடுங்கி, “மொதல்ல ஒன் தலையில பூசிக்கிட்டு வா, நல்லா இருந்தா நாய்க்குப் பூசலாம்” என்று விரட்டிவிட்டாள்.

இராக்கம்மா அப்படித்தான். கொழுந்து பறிப்பதில் அந்தப் பிரிவிலேயே அவள் கைதான் முதல் கை. வாயும் அதற்குக் குறைந்ததல்ல. தான் தொட்ட காரியம் தோற்றது என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

தொண்ணூற்றெட்டுத் தை பிறந்த கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வந்தார். வாசலில் படுத்திருந்த பெரட்டைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“புள்ளைங்க தவழ்ற எடத்துல இந்த நாய் கெடக்கலாமா? வருசப் பொறப்புக்கு முந்தி இது சொகமாகணும். இல்லாட்டி ஊசி போட்டு முடிச்சிற வேண்டியதுதான். அதுவும் பாவம் எவ்வளவு காலத்துக்கு இப்படிச் சித்திரவதைப்படும்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் இராக்கம்மாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. “சொகமாக்கிக் காட்டுறேங்கய்யா. வருசப் பொறப்பன்னைக்கு இந்த எடத்துலயே வந்து பாருங்க” என்றாள். எப்படி ஆக்குவது என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பதுளையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் புவாத்தின் வேனில், காலிப் பெட்டிகளுக்கு நடுவில் நாயை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனாள். “அக்கா, என் மீன் நாறுதுன்னு நீங்க சொன்ன காலம் போச்சு” என்றான் புவாத், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டபடி.

மிருக வைத்தியர் ஸ்ரீஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்து ஆள். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பஞ்சில் அழுக்கைத் தொட்டு முகர்ந்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?”

இராக்கம்மா பெருமையாகவே பட்டியலைச் சொன்னாள். சொல்லச் சொல்ல டொக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

“இஞ்ச பாருங்கோ அம்மா. இது தோலில பங்கஸ், பூஞ்சணம். நான் காதைக் கழுவ ஒரு மருந்து தாறன், சுகம் வரும். ஆனா திரும்பவும் வரும். சில நாயளுக்குச் சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தோல் அழற்சியாகும், அதில பங்கஸ் குடியேறும். என்ர சந்தேகம் கோதுமை மாவில. அதோட சீனி, பால், பிஸ்கட் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. உடம்புக்குப் பழக்கமில்லாத சாப்பாடெண்டா இந்தக் கரைச்சல் வராது. இது இதுவரைக்கும் தின்னாத மீனோ இறைச்சியோ ஏதும் இருக்கோ?”

இராக்கம்மா யோசித்தாள். “கொளத்து மீனுங்க. மண் வாடைன்னு லயத்துல யாரும் வாங்க மாட்டோம்.”

“அது போதும். முள்ளை எடுத்துப்போட்டு, பூசணிக்காயும் போஞ்சிக்காயும் போட்டு உப்பில்லாம அவியுங்கோ. எட்டுக் கிழமை. அது மட்டும்தான். ஒரு துண்டு ரொட்டி உள்ள போனாலும் திரும்ப முதலில இருந்து எண்ண வேணும்.” டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “உண்மையைச் சொன்னா, உது லயத்தில நடக்கிற காரியமில்ல அம்மா. ஒரு வீட்டில நிப்பாட்டினா மற்ற வீட்டு ஆக்கள் குடுத்துப் போடுவினம். பெரிய பங்களாக்காரராலையே ஏலாமப் போயிருக்கு.”

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இராக்கம்மா பாதி வழியில் விட்டிருப்பாளோ என்னவோ. சொல்லிவிட்டார். வேன் மேட்டில் ஏறும்போதே அவள் கறுவிக்கொண்டு வந்தாள்.

அன்று மாலையே பன்னிரண்டு வாசலுக்கும் போனாள். அதாவது தன் வீட்டை விட்டுப் பதினொரு வாசல். நாய்க்கு இனி ஒருவரும் ஒன்றும் கொடுக்கக்கூடாது, தானே சமைத்துப் போடுகிறேன் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? விடிந்ததும் பெரட்டு வந்து வாசலில் நின்று முகத்தைப் பார்த்தால், தன் பிள்ளையைக் காப்பாற்றிய நாயை வெறும் வாயோடு திருப்பி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ‘ஒரு துண்டுதானே’ என்று பதினொரு வீட்டிலும் நினைத்தார்கள். இரண்டு வாரத்தில் நாயின் காது பழையபடி வழிந்தது.

இராக்கம்மா லயத்து நடுவில் நின்று ஆடித் தீர்த்தாள். பக்கத்துக் காம்பராப் பெரியாயியைப் பேர் சொல்லியே ஏசினாள். “ஒன் ரொட்டிதான் அதுக்கு எமன்” என்றுகூடச் சொல்லிவிட்டாள். பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஏச்சு வேலைக்கு ஆகாது என்று இராக்கம்மாவுக்கே புரிந்தது. மறுநாள் குளித்துவிட்டு, ரோட்டுத் திருப்பத்தில் மரத்தடியில் இருக்கும் முனியாண்டியிடம் போனாள். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்து, பெரட்டுக் களத்தில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

“இந்த நாய் சொறியிற நாள்ல எனக்குச் சோறு கெடையாது. முனியாண்டி மேல ஆணை. குடுக்கிறவுங்க குடுங்க. என் வயித்துல அடிக்கிறோம்னு தெரிஞ்சிக்கிட்டுக் குடுங்க.”

மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற பெண்ணை ஒரு நாள் பட்டினி போடுவதென்றால் என்னவென்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். காப்புக் கட்டியவளைப் பட்டினி போடுகிற பாவம் யார் தலையில் விழும் என்பதும் தெரியும். அன்றிலிருந்து பெரட்டு வந்தால் பதினொரு கதவும் சாத்திக்கொண்டன. பெரியாயி ஜன்னலால் பார்த்துக் கும்பிட்டாள், “போ சாமி, போ” என்று.

ஆனாலும் நாய் சொறிந்தது.

முன்னளவுக்கு இல்லை. காதின் கசிவு குறைந்தது. ஆனால் பாதம் நக்குவது நிற்கவில்லை. முதல் நாள் இராக்கம்மா சாப்பிடவில்லை. ஒரு நாள் விட்டு மறுபடியும் சாப்பிடவில்லை. அந்தக் கிழமையில் நான்கு நாள் வெறும் தண்ணீரோடு மலைக்குப் போனாள். கணவன் பொன்னையா தட்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தான். “ஒரு நாய்க்காக நீ சாகணுமா?” என்று கத்தியும் பார்த்தான். “எந்த வீட்டுக்காரி குடுக்கிறான்னு தெரியாம நான் வாயில வைக்க மாட்டேன்” என்றாள் அவள். பொன்னையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். அவன் அவ்வளவு சீக்கிரம் வாயடங்குகிற ஆளல்ல. பசியில் இருந்ததால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்தாவது பட்டினி நாள் பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டியது. பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். முதலில் பிடித்தது பெரியாயி. எதிர்ப்பக்க மலையில் ஆண்கள் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னையா கத்தியை அங்கேயே போட்டுவிட்டு, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி ஓடிவந்தான்.

“போதும் இராக்கு. நான்தான். நான்தான் குடுத்தேன்” என்றான் மூச்சிரைக்க.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “என்னத்தைக் குடுத்த?”

“காலையில ரொட்டியில ஒரு வாயி. தெனமும்.” அவன் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான். “பன்னி வந்த அன்னைக்கு முனியாண்டிகிட்ட நேர்ந்துக்கிட்டேன். எம் புள்ளைய நீ குடுத்த, இனிமே நானும் அதுவும் இருக்கிற வரைக்கும் என் மொத வாயி இந்த நாய்க்குத்தான்னு. வெளிய சொன்னா நேத்தி பலிக்காதுன்னு யாருக்கும் சொல்லல. நீ கட்டுன காப்பும் அந்தச் சாமிக்குத்தான், நான் நேர்ந்ததும் அந்தச் சாமிக்குத்தான். நான் எதை முறிக்கிறது, சொல்லு.”

பெரியாயிதான் மெல்லக் கேட்டாள்.

“பதினோரு வீட்டுக்குச் சொன்னியே ஆத்தா, ஒன் வீட்டுக்குச் சொன்னியா?”

இராக்கம்மாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்த மலையில் அவள் தலை குனிந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பெரியாயியின் கையைப் பிடித்தாள்.

“நான் பேசினது தப்புக்கா. மன்னிச்சிரு.”

“அதை விடு. மொதல்ல எதையாச்சும் வாயில வை” என்றாள் பெரியாயி.

“இன்னைக்கு நாய் சொறிஞ்சிருச்சு. நாளைக்குத் திங்கிறேன்.” இராக்கம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பசியிலும் அவள் மூளை ஓடிக்கொண்டுதான் இருந்தது. “இந்தாய்யா. சாமிகிட்ட என்னன்னு நேர்ந்த? ரொட்டின்னு சொன்னியா, மொத வாயின்னு சொன்னியா?”

“மொத வாயின்னுதான்.”

“அப்ப நேத்தி முறியாது. நாளைக்குக் காலையில சாப்பிட உக்காரு, சொல்றேன்.”

மறுநாள் விடிந்ததும் காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்த பொன்னையாவின் முன்னால் ஒரு தட்டு வந்தது. ரொட்டி இல்லை. அவித்த குளத்து மீன், பூசணிக்காய், போஞ்சி. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பக்கத்தில் பெரட்டு வாலாட்டிக்கொண்டு நின்றது.

“இதுல இருந்து ஒரு வாயி அதுக்குக் குடு. அடுத்த வாயி நீ தின்னு. அதுக்கப்புறம் ரொட்டி தாரேன்.”

பொன்னையா தட்டைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குளத்து மீனின் மண் வாடை அவனுக்கு ஜென்மத்துக்கும் ஆகாது. முதல் வாயை நாய்க்குக் கொடுத்தான். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அதற்குள் செய்தி பரவி, லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

“எப்படிங்கண்ணே இருக்கு?” என்று ஜீவராணி கேட்டாள்.

“நாய்க்குப் பாவம் பாத்தது போதும், எனக்கும் கொஞ்சம் பாருங்க” என்றான் பொன்னையா. லயம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சண்டை வந்ததிலிருந்து அங்கே அப்படி ஒரு சிரிப்புக் கேட்டதில்லை.

அன்று மாசி மூன்று. இராக்கம்மா எட்டு வாரத்தை அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். வருஷப் பிறப்புக்கு மட்டுமட்டாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மேல் லயம் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது. நாய்க்கு ஊட்டாமல் கை துறுதுறுத்த பதினொரு வீடும், அந்த அன்பைக் கொண்டுவந்து இராக்கம்மா வீட்டுக் கூடையில் போட ஆரம்பித்தன. ஒரு வீட்டிலிருந்து பூசணிக் கீற்று, இன்னொரு வீட்டிலிருந்து ஒரு பிடி போஞ்சி. பெரியாயியின் தம்பி வெலிமடையில் காய்கறித் தோட்டம் செய்கிறவன். அவனிடம் சொல்லி ஒரு சாக்குப் போஞ்சியே வரவழைத்துவிட்டாள். புவாத் மொனராகலைப் பக்கத்துக் குளத்து மீனைத் தனியாக ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். “பெரட்டு ஐயா பார்சல்!” என்று கூவிக்கொண்டுதான் வேனை நிறுத்துவான். பிள்ளைகளைக்கூட ஜீவராணி பழக்கிவிட்டாள். பிஸ்கட் கையில் இருக்கும்போது பெரட்டு வந்தால் பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “பத்தியம், பத்தியம்” என்று மழலையில் அதட்டும்.

மூன்றாம் வாரம் நாற்றம் போனது. ஐந்தாம் வாரம் வயிற்றுத் தோல் மெலிந்து, பூனைமயிர்போல ரோமம் எட்டிப் பார்த்தது. ஏழாம் வாரம் காதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. சொறிவது நின்றுபோன பிறகு இராக்கம்மா ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. யார் லயத்துப் பக்கம் வந்தாலும் காதைத் திருப்பிக் காட்டாமல் விடவில்லை. தபால்காரர்கூடப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுக்க முடிந்தது.

வருஷப் பிறப்புக்கு முதல்நாள் மருந்தையா வந்தார். பிள்ளைக்காம்பரா வாசலில் பெரட்டு கறுகறுவென்று மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் இது வேறு நாய் என்று நினைத்தார். விலாவில் பன்றி கிழித்த தழும்பைப் பார்த்த பிறகுதான் நம்பினார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

“என்ன மருந்தும்மா?”

“காதைக் கழுவ ஒரு மருந்துங்கய்யா. மத்ததெல்லாம் சாப்பாடு.”

“இது இங்கயே இருக்கட்டும்” என்று அவர் சொன்னபோது, சுற்றி நின்ற பெண்கள் கைதட்டிவிட்டார்கள். இராக்கம்மா தட்டவில்லை. இதெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்பதுபோல நின்றாள். வீட்டுக்குள் போய்த்தான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், சந்தோஷத்தில்.

வருஷம் பிறந்து அடுத்த கிழமை அதே வேனில் டொக்டரிடம் போனாள். ஸ்ரீஸ்கந்தராஜா நாயை மேசையில் ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

“பன்ரெண்டு வீட்டுக்கு நடுவில இதை எப்பிடிச் செய்தனீங்கள்? பங்களாக்காரராலையே ஏலாமப் போச்சுதெண்டு சொன்னனான் எல்லோ?”

“லயத்துலதான் சார் ஏலும்” என்றாள் இராக்கம்மா. “பங்களாவுல பன்னண்டு வீட்டுக்கு எங்க போவாங்க?”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார், விளையாட்டுக்கில்லை. பிறகு ஒன்று சொன்னார். “எதால வந்தது எண்டு நிச்சயமாத் தெரிய வேணுமெண்டா, கொஞ்சம் ரொட்டி குடுத்துப் பாருங்கோ. திரும்பச் சொறிஞ்சா கோதுமைதான். உடனே நிப்பாட்டினாச் சரி, பயமில்ல.”

மறுநாள் காலை இராக்கம்மா ரொட்டி சுட்டாள். விஷயம் தெரிந்து லயம் மறுபடியும் வாசலில் கூடிவிட்டது. பொன்னையாவின் முதல் வாய்தானே நாய்க்கு. அதனால் ரொட்டித் தட்டு அவன் முன்னால் வந்தது. பெரட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகியது. இரண்டு மாதத்துக்கு மேலாக அது அந்த வாசனையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பொன்னையா ஒரு துண்டைப் பிய்த்தான். நாயின் காதைப் பார்த்தான். அதன் வயிற்றில் முளைத்த புது ரோமத்தைத் தடவினான். பிறகு பிய்த்த துண்டைத் தட்டிலேயே போட்டான்.

“அந்த மீன் சட்டியை எடுத்துட்டு வா” என்றான்.

“இன்னைக்கு ரொட்டிதான்யா. டாக்டர் சொல்லியிருக்காரு.”

“எடுத்துட்டு வான்னேன்.”

அவள் கொண்டுவந்தாள். அவன் உப்பில்லாத மீனில் முதல் வாயைப் பெரட்டுக்குக் கொடுத்தான். அடுத்த வாயைத் தான் தின்றான், கண்ணை மூடாமல். அதற்குப் பிறகு ரொட்டியை முழுசாக மடித்து, ஒரு துணுக்குக்கூடக் கீழே விழாமல் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

இராக்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் தன்னை நினைத்துத்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் இந்த மனுஷனைக் கட்டியதற்காகப் பெருமைப்பட்டாள்.

“டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றாள், வேண்டுமென்றே அதட்டலாக.

பொன்னையா ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, நாயின் தலையில் கையை வைத்தான்.

“இது உசிரோட இருக்கிற வரைக்கும் என் மொத வாயி மீனுதான்னு சொல்லு.”